தொகுதி ஒதுக்கீடு சட்டமாகட்டும்

கிள்ளானில் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு வருபவர்கள் கொண்டுவரும் கோப்புகளைப் பார்த்தாலே போதும். பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பம், மழைக்கு வீட்டுக்குள் ஏறும் கால்வாய்த் தண்ணீர், தமிழ்ப்பள்ளிக் கூரைக்குக் கேட்கும் உதவி. பிரிக்பீல்ட்ஸிலும் கோரிக்கைகள் பெரிதாக மாறுவதில்லை. உறுப்பினர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது அவர் கையிலுள்ள கூட்டரசு நிதியைத்தான் மாற்றுகிறது. எதிரணிக்கு வாக்களித்ததற்காக ஒரு தொகுதியே தண்டிக்கப்படுவது அநீதி.

கட்சி கடந்து வேலை செய்ய நம் உறுப்பினர்களுக்குத் தெரியாமல் இல்லை. வாக்களிக்கும் வயதை 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 பேர் ஆதரவளித்தார்கள், எதிர்த்தவர் எவருமில்லை. 2022 ஜூலை 28 அன்று கட்சித் தாவல் தடைத் திருத்தம் 209 வாக்குகள் பெற்றது. பெட்டாலிங் ஜெயாவின் அன்றைய உறுப்பினர் மரியா சின் அப்துல்லா, நிலையான மேம்பாட்டு இலக்குகளுக்கான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2020இல் ஆட்சி மாறி அவர் எதிரணிக்குப் போன பிறகும் குழுவின் பணி நிற்கவில்லை. இரு அணிகளின் தொகுதிகளிலும் மக்களிடமே குறைகளைக் கேட்டு, சிறு திட்டங்களாக அவற்றைத் தீர்க்க முனைந்தது அந்தக் குழு.

2021 செப்டம்பர் 13 அன்று அன்றைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசும் எதிரணியில் இருந்த பக்காத்தான் ஹராப்பானும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் சம ஒதுக்கீட்டுக்கும் வழி செய்தது. ஆனால் அது தலைவர்களுக்கிடையிலான உடன்பாடு மட்டுமே. 2022 அக்டோபரில் நாடாளுமன்றம் கலைந்ததும் அதன் ஆயுளும் முடிந்தது.

விளைவு என்ன? 2023 அக்டோபர் தொடங்கி, எதிர்க்கட்சியான பெர்சாத்துவின் ஆறு உறுப்பினர்கள் அடுத்தடுத்துப் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு அறிவித்தார்கள். தொகுதி மக்களின் நலனே காரணம் என்றார்கள். நிதிக்காக ஆதரவை விலை பேச வேண்டிய நிலையை எந்த அரசும் உருவாக்கக் கூடாது.

எதிரணிக்குப் பணம் கொடுத்தால் அது பிரச்சாரத்துக்குப் போகும் என்பது வழக்கமான வாதம். அந்த ஐயம் ஆளுங்கட்சியினருக்கும் பொருந்தும். செலவுக் கணக்கைப் பொதுவில் வெளியிட்டு, தலைமைக் கணக்காய்வாளர் தணிக்கை செய்தால் இரு தரப்பையும் கட்டுப்படுத்தலாம்.

222 தொகுதிகளுக்கும் ஒரே அடிப்படைத் தொகை; மக்கள்தொகை, வறுமை நிலைக்கேற்பக் கூடுதல் தொகை. இதைச் சட்டமாக்க, அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் போல மூன்றில் இரண்டு பங்கான 148 வாக்குகள் தேவையில்லை, எளிய பெரும்பான்மையே போதும். அது ஒற்றுமை அரசாங்கத்திடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதாவைத் தாக்கல் செய்ய வேண்டும். எதிரணியும் நிபந்தனை போடாமல் ஆதரிக்க வேண்டும்.