அள்ளிப் போடுவது அன்பாகாது



பல இன மீன்களை ஒன்றாக விட்டிருக்கும் கண்ணாடித் தொட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் தட்டுப் போன்ற வட்ட உடலுடன், அவசரமே இல்லாமல் மிதந்து திரியும் மீன் ஒன்று இருந்ததா? அதுதான் டிஸ்கஸ். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை அதன் தாயகம். ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் ஹெக்கல் 1840-ஆம் ஆண்டில் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் தம் வீட்டுத் தொட்டியைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். 100 லிட்டர் நீரில் இரண்டு டிஸ்கஸ். கூடவே ஒரு டஜன் பார்ப் மீன்கள். "டிஸ்கஸ் சரியாகச் சாப்பிடுவதில்லை சார். அதனால் தீனியைக் கூட்டிப் போடுகிறேன்" என்றார். நீர் பால் கலந்தாற்போல் மங்கியிருந்தது. அடுத்த வாரம் ஒரு டிஸ்கஸ் இறந்துவிட்டது.

அது பட்டினியால் இறந்ததா, தீனி மிகுந்ததால் இறந்ததா? இரண்டும் சேர்ந்தே அதைக் கொன்றன என்பது என் கருத்து. எப்படி என்று பார்ப்போம்.

டிஸ்கஸின் வாய் சிறியது. ஆற்றில் அது பாசி, மட்கிய தாவரத் துணுக்குகள், சிறு பூச்சி புழுக்கள் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொத்தித் தின்னும். தீனி விழுந்தவுடன் பாய்ந்து கவ்வும் பழக்கம் அதற்கு இல்லை. பார்ப் மீனோ பந்திக்கு முந்திக்கொள்ளும். ஆகவே நாம் இரண்டு மடங்கு போட்டாலும் பார்ப்தான் கொழுக்கிறது, டிஸ்கஸ் மெலிகிறது.

மிச்சத் தீனி என்னவாகும்? நான் இயற்பியல் ஆசிரியன். கணக்குப் போடாமல் எனக்கு மனம் ஒப்பாது. ஒரு கிராம் உலர்தீனியில் பாதி புரதம் என்று கொள்வோம். புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே அந்த ஒரு கிராமில் 80 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளது. தீனி அடியில் கிடந்து அழுகினால் அதில் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறும். 100 லிட்டர் நீரில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வரை சேரக்கூடும். மீனுக்கு இது நஞ்சு.

வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். டிஸ்கஸுக்கு ஏற்ற வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். வரவு குறைந்த அந்த வீட்டில் செலவோ அதிகம். வெதுவெதுப்பான நீரில் மீன்களும் பாக்டீரியாக்களும் கூடுதலாகச் சுவாசிக்கின்றன அல்லவா?

அப்படியானால் கூட்டுத் தொட்டியே கூடாதா? கூடும், ஆனால் பந்தியில் உட்காருபவர்களை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். பெரிய தொட்டியில் ஐந்தாறு டிஸ்கஸை முதலில் விடுங்கள். வெப்பத்தைத் தாங்கும் சாதுவான கார்டினல் டெட்ரா போன்றவற்றைத் துணைக்குச் சேர்க்கலாம். மிதக்கும் தீனியை ஒரு மூலையில் போட்டு வேகமான மீன்களை அங்கே இழுத்துவிட்டு, மூழ்கும் தீனியை மறு மூலையில் டிஸ்கஸுக்குக் கொடுங்கள். ஒரே வேளையில் கொட்டாமல், சில நிமிடங்களில் தின்று தீரும் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். சேர்ந்துவிட்ட நைட்ரேட் தானாகப் போகாது; வாரந்தோறும் ஒரு பகுதி நீரை, அதே வெப்பநிலையுள்ள நல்ல நீரால் மாற்ற வேண்டும்.

அந்த மாணவர் பார்ப் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரையும் சிறிது சிறிதாக மாற்றினார். சில நாட்களில் எஞ்சிய டிஸ்கஸ் தயங்கித் தயங்கித் தின்னத் தொடங்கியது. பிறகு அதற்குத் துணையும், பெரிய தொட்டியும் தேடிக்கொடுத்தார்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஒரு வாரம், தீனி போட்டபின் ஐந்து நிமிடம் தொட்டியின் முன் அமர்ந்து, எந்த மீன் தின்றது, எது தின்னவில்லை, அடியில் எவ்வளவு தங்கியது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். எவ்வளவு போட வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேடே உங்களுக்குச் சொல்லிவிடும்.