விடுமுறைப் பயணமும் கையடக்க இணையப் பெட்டியும்

ஆடி, ஆவணி மாதங்கள் பிறந்துவிட்டால், பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் நோக்கிச் செல்லும் பஸ்வண்டிகளிலும் வாடகை வான்களிலும் புதுமுகங்கள் பல தென்படும். ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன், சூரிச் முதலிய மாநகரங்களில் வாழும் நம்மவர், நல்லூர்த் திருவிழாவையும் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையையும் ஒருங்கே கருத்திற்கொண்டு ஊருக்கு வருங் காலம் அது. ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த சுருவில் என்னும் சிற்றூருக்கும் இது பொருந்தும். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரின் காரணமாகத் தீவகத்து மக்களிற் பெருந்தொகையினர் வீடு வாசலைத் துறந்து இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் கடல் கடந்து குடியேறினர். ஊரிலே எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோர். அம்மம்மாவைக் காண வரும் பேரப்பிள்ளைகள் சில வாரங்கள் தங்கிச் செல்கின்றனர்.

அவ்வாறு வருவோரின் பயணப் பெட்டிக்குள் சொக்கிளேற்றும் சேலையும் இருப்பது பழைய வழக்கம். உள்ளங்கையளவான வேறொரு பொருளும் அவற்றுடன் இடம்பெறுவது இன்றைய வழக்கம். கையடக்க வைஃபை றவுட்டர் என்பது அதன் பெயர். கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து இணையத்தைப் பெற்று, வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் கம்பியின்றிப் பகிர்ந்தளிப்பது அதன் தொழில். “ஊருக்குப் போயும் இணையமா?” என்று முகஞ் சுளிப்போர் உளர். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. அதனைப் பின்னர் ஆராய்வோம். முதலில் பெட்டியின் தன்மையை அறிந்துகொள்வோம்.

கம்பியில்லாச் செய்தி நமக்குப் புதிதன்று. 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மார்க்கோனி என்னும் இத்தாலிய விஞ்ஞானி அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த ஓர் எழுத்தின் ஒலிக்குறிப்பைக் கேட்டார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1989இல் இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை ஆரம்பமாயிற்று. ‘வைஃபை’ என்ற பெயர் 1999இல் வழக்குக்கு வந்தது. நான்காந் தலைமுறைச் சேவை 2013இல் நம் நாட்டுக்கு வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பல நாட்டார் தேடிச் சேர்த்த அறிவு இன்று ஒரு தீப்பெட்டியினும் சற்றே பெரிதான பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றது.

இப் பெட்டிக்கு இரு கைகள் உள்ளன எனக் கற்பனை செய்வோம். ஒரு கை தொலைவிலுள்ள கோபுரத்தைப் பற்றியிருக்கின்றது. மற்றைக் கை வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகளையும் மடிக்கணினிகளையும் பற்றியிருக்கின்றது. இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறியாமையினாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். கைத்தொலைபேசியின் மூலையில் வைஃபைக் கோடுகள் யாவும் நிறைந்து நிற்கும். ஆயினும் ஒரு படந்தானும் திறவாது. காரணம் யாது? அக் கோடுகள் பெட்டிக்கும் தொலைபேசிக்கும் இடையிலுள்ள உறவையே காட்டுகின்றன. பெட்டிக்கும் கோபுரத்துக்கும் உள்ள உறவை அறிய, பெட்டியிலுள்ள விளக்கையோ சிறு திரையையோ பார்த்தல் வேண்டும். வாய்க்கால் சீராக இருந்தாலும் கிணற்றில் நீர் இல்லாவிடின் தோட்டம் நனையாதல்லவா?

இனி, புறப்படுமுன் செய்யவேண்டியவை. வெளிநாட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவருவோர் இரண்டு விஷயங்களை விசாரித்தல் நன்று. ஒன்று, அந்தப் பெட்டி எந்தக் கம்பனியின் சிம் அட்டையையும் ஏற்குமா, அன்றி விற்ற கம்பனியின் அட்டைக்கு மட்டுமே பூட்டப்பட்டுள்ளதா என்பது. மற்றையது, இலங்கையில் வழங்கும் அலைப்பட்டைகள் அதிலே உண்டா என்பது. இங்கே நான்காந் தலைமுறைச் சேவைக்கு 1800 மெகாஹேர்ட்ஸ் அலைப்பட்டை பெரிதும் பயன்படுகின்றது. மூன்றாம் இலக்கப் பட்டை என்று அதனைக் குறிப்பர். வட அமெரிக்கச் சந்தைக்கென ஆக்கப்பட்ட சில பெட்டிகளில் இந்தப் பட்டை இருப்பதில்லை. அத்தகைய பெட்டி சுருவிலுக்கு வந்தும் வாய்பேசாது கிடக்கும். பெட்டியிலுள்ள பற்றரி லிதியம் வகையைச் சேர்ந்தது. ஆதலால் விமானத்திற் செல்வோர் அதனையும் மின்சேமிப்புப் பெட்டியையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும்.

சிம் அட்டையைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வாங்கலாம். ஆயினும் எக் கம்பனியின் அட்டையை வாங்குவது என்பதைக் கொழும்பில் நின்று தீர்மானித்தல் சரியன்று. ஒரு கம்பனியின் அலை யாழ்ப்பாணப் பட்டினத்தில் நன்றாக இருக்கலாம். சுருவிலின் ஓர் ஒழுங்கையில் அதுவே தேய்ந்துபோகலாம். ஊரிலுள்ள உறவினரைக் கேளுங்கள். “எந்தச் சிம்முக்கு உங்கள் வளவுக்குள் நல்லாய் இழுக்குது?” என்ற ஒரு வினா, அச்சிட்ட விளம்பரங்கள் பத்தினும் மேலான பயனைத் தரும். இயலுமாயின் அந்த அட்டையை முதலில் ஒரு கைத்தொலைபேசியில் இட்டுப் பரீட்சித்துப் பார்த்து, அதன்பின் பெட்டிக்கு மாற்றலாம்.

அடுத்தது, பெட்டியை வைக்கும் இடம். தீவகம் மலையற்ற சமதரை. அலை செல்வதற்கு இது நன்மையே. எனினும் பனங்கூடல்களும் வேம்பும் மாவும் வீட்டைச் சூழ்ந்துள்ளன. இலைகளிலுள்ள நீர் அலையின் வலிமையை உறிஞ்சுவது. பழைய நாற்சார் வீடுகளின் தடித்த சுண்ணாம்புக் கற்சுவர்களோ வெயிலைத் தடுப்பதுபோலவே அலையையும் தடுக்கின்றன. ஆகையால் பெட்டியைப் பெட்டகத்தின் மேலோ அறையின் மூலையிலோ வைத்துவிட்டுக் கம்பனியை நோவதிற் பயனில்லை. யன்னல் ஓரத்தில், கூடியவரை உயரமான இடத்தில், கோபுரம் உள்ள திசையை நோக்கி வையுங்கள். கிழக்கு யன்னல், மேற்கு யன்னல், விறாந்தை என மூன்று நான்கு இடங்களிலே மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வோரிடத்திலும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஒரு முழத் தூரத்திலேயே பெரும் வேறுபாடு காணப்படுவதுண்டு. ஆனால் நேர் வெயில் படும் இடத்தை விலக்கவேண்டும். வெப்பம் பற்றரிக்குப் பகை. கடற்காற்றிலுள்ள உப்பு மின்கருவிகளை அரிக்கவல்லது. பயன்படுத்தாத வேளையில் மூடிய பையொன்றில் இட்டு வைத்தல் நலம்.

வீட்டினுள்ளே பெட்டி பரப்பும் அலை இருவகை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை ஒரு வகை; அதன் நீளம் ஏறத்தாழ 12½ சென்ரிமீற்றர். 5 கிகாஹேர்ட்ஸ் அலை மற்றையது. அதன் நீளம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். பின்னது வேகமானது; ஆயினும் சுவரைக் கடப்பதில் வலிமை குறைந்தது. கற்சுவர் வீட்டிலே அறைக்கு அறை இணையம் வேண்டுவோர் முன்னதைத் தெரிவுசெய்தல் பொருத்தம்.

இப்போது பெட்டியைப் பூட்டும் வகையைக் கூறுவோம். பெட்டியின் அடியில் ஒட்டிய தாளிலே அதன் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். நிர்வாகப் பக்கத்தின் இலக்கமும் அங்கேயே காணப்படும், பெரும்பாலும் 192.168 எனத் தொடங்குவது அது. கைத்தொலைபேசியைப் பெட்டியுடன் இணைத்து, அந்த இலக்கத்தை உலாவியில் இட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே முதலிற் செய்யவேண்டியது நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுதல். தொழிற்சாலையில் இடப்படும் சொல் பல பெட்டிகளுக்குப் பொதுவானது. உலகறிந்த திறப்பினாற் பூட்டிய வீடு பூட்டாத வீடே. இரண்டாவது, வைஃபையின் பெயரை மாற்றுதல். குடும்பப் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ அதற்கு இடவேண்டாம். மூன்றாவது, பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ2’ அல்லது அதற்குப் பிந்திய ‘டபிள்யூபிஏ3’ ஆக உள்ளதா எனப் பார்த்தல். வங்கிக் கணக்கைக் கைத்தொலைபேசியிற் கையாளும் இக்காலத்தில், பயணிகள் விடுதியின் பொது வைஃபையிலும் நாமே பூட்டி வைத்த பெட்டி நம்பத்தக்கது. இப் பெட்டியின் பெரும் பயன்களில் இதுவும் ஒன்று.

நான்காவது விஷயம் செலவு. பேச்சுக் குறைவு, தரவு செலவாவது மிகுதி. யாரும் படம் பார்க்கவில்லை, ஆயினும் ஒரே இரவிற் பொதி தீர்ந்துவிட்டது என்று அங்கலாய்ப்போர் பலர். பெரும்பாலும் குற்றவாளி எங்கே இருக்கின்றான் தெரியுமா? நம் சட்டைப் பையிலேதான். கைத்தொலைபேசி வைஃபையைக் கண்டதும், அது அளவற்ற வீட்டு இணையம் எனக் கருதி, அன்றைய படங்களையெல்லாம் மேலேற்றவும் செயலிகளைப் புதுப்பிக்கவும் தொடங்கிவிடும். தொலைபேசியின் அமைப்பிலே இந்த வைஃபையை ‘அளவுள்ள இணைப்பு’ எனக் குறித்துவிட்டால் இப் பெருஞ்செலவு நிற்கும். முகம் பார்த்து ஒரு மணி நேரம் உரையாடினால் சில நூறு மெகாபைட் ஆகும். தெளிவு மிக்க திரைப்படமோ ஒரு மணிக்கு 3 கிகாபைட் வரை விழுங்கவல்லது. எது வேண்டும் என்பதைக் குடும்பத்தார் கூடித் தீர்மானிக்கலாம்.

நிற்க. “ஊருக்குப் போயும் இணையமா?” என்ற கேள்விக்கு வருவோம். முற்றத்து வேம்பின் கீழ் ஆச்சி கதை சொல்லக் காத்திருக்கையில், பேரன் திரையைப் பார்த்துக் குனிந்திருப்பானாயின் அந்தப் பயணம் வீண். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பெட்டிக்கு ஒரு பொத்தான் உண்டு. ரொறன்ரோவிலே கோடைகாலத்துக் காலை 8 மணியாகும்போது சுருவிலில் மாலை 5.30. வர இயலாத மகன் அங்கே வேலைக்குப் புறப்படுமுன் தாயின் முகத்தைக் காணத்தக்க வேளை அது. அந்த ஒரு மணி நேரமும், பிள்ளைகள் பாடங்களைப் பார்க்க இன்னொரு மணி நேரமும் பெட்டியை இயக்கி, எஞ்சிய பொழுதிலே நிறுத்தி வைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். பற்றரியும் மிஞ்சும், பேச்சும் மிஞ்சும்.

இணையம் ஆடம்பரம் என்று கூறுவோருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுவோம். பெருந்தொற்றுக் காலத்தில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021இல், பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் கிராமத்தின் மாணவர் இணையவழிப் பாடத்துக்கு அலை கிடைக்காமையினால், காட்டுப் பாதையில் நடந்து உயர்ந்த பாறையொன்றின் மீதேறிக் கற்றனர். அவர்தம் ஆசிரியரும் உடன் சென்றார். செய்தித்தாள்கள் அதனை உலகுக்கு அறிவித்தன. ஏறுவதற்கு மலையும் இல்லாத தீவகத்து மாணவனுக்கு யாது வழி?

ஆகவே விடுமுறை முடிந்து பயணப் பெட்டியை மூடும் நாளிற் சற்றே சிந்திக்குமாறு வேண்டுகின்றோம். மூன்று வாரமாக மாலைதோறும் மகனின் முகத்தைக் கண்ட தாய்க்கு, வான் புறப்பட்டதும் அந்த முகமும் போய்விடுகின்றது. மகள் எடுத்துச் செல்லும் அந்தச் சிறு பெட்டி வெளிநாட்டு வீட்டிலே மேசை லாச்சிக்குள் அடுத்த விடுமுறை வரை உறங்கும். அதனை ஊரிலேயே விட்டுச் சென்றால் என்ன?

விட்டுச் செல்வதாயின் முறையாகச் செய்தல் வேண்டும். பயணிகளுக்கென விற்கும் சிம் பொதிகள் குறித்த சில நாட்களிற் காலாவதியாவன. ஆதலால் வீட்டிலுள்ளவரின் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு அவர் பெயரிலேயே ஒரு சிம் அட்டையைப் பதிவுசெய்யுங்கள். மாதந்தோறும் அதற்குப் பணம் நிரப்புவதை வெளிநாட்டிலிருந்தே செய்யலாம். பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் அழைப்பை ஏற்கவும் வேண்டிய மூன்று நான்கு படிகளைப் பெரிய எழுத்திலே தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் நிற்கும்போதே உங்கள் உதவியின்றி அம்மம்மா மூன்று முறை தாமாகச் செய்து பார்க்கட்டும். இரவும் பகலும் மின்னிணைப்பிலேயே விட்டால் பற்றரி வீங்கக்கூடும் என்பதையும், மின்னல் வேளையில் இணைப்பைக் கழற்றவேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

பல பெட்டிகளில் ‘விருந்தினர் வைஃபை’ என்றொரு வசதி உண்டு. அதற்கு வேறு கடவுச்சொல் இட்டு, அயல் வீட்டிலே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அப்பிள்ளை விறாந்தையில் அமர்ந்து பாடத்தைப் பார்க்கும். பெட்டி மக்கர் பண்ணினால் அம்மம்மாவுக்கு உதவியும் செய்யும். கொடுப்பவருக்குச் செலவு சிறிது. பெறுவோர் இருவருக்கும் பயன் பெரிது.

அலை இன்னும் தேயும் வளவுகள் தீவகத்திலே உள்ளன. மின்சாரமும் எல்லாத் தீவுகளுக்கும் ஒரேவகையாக வருவதன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வெயிலையும் காற்றையுங் கொண்டு மின் ஆக்குவதற்கு, 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையுடன் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. இவை அரசாங்கங்கள் ஆற்றவேண்டிய பணிகள். குடும்பம் ஒன்று தன்னளவிற் செய்யக்கூடியது சிறிதே. கடலுக்கு அப்பாலுள்ள மகனுக்கும் சுருவிலில் விளக்கேற்றிக் காத்திருக்கும் தாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் குறைப்பதாயின், அச்சிறிதைச் செய்யத் தயங்குவானேன்?