சினோவுயோ: வளர்ப்பவருக்கு ஒரு துணை

பதின்பருவப் பிள்ளைகளை வளர்ப்போருக்கான பயிற்சித் திட்டங்களில் மிகப் பல, செல்வ வளம் மிக்க நாடுகளில், அந்நாட்டுக் குடும்பங்களின் வருவாயையும் வாழ்க்கைமுறையையும் மனத்தில் கொண்டு உருவானவை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் வறிய குடும்பங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட 'சினோவுயோ டீன்' அவற்றிலிருந்து விலகி நிற்கிறது. கோசா மொழியில் 'நம்மிடம் மகிழ்ச்சி இருக்கிறது' என்று பொருள்படும் பெயர் தாங்கிய இத்திட்டம், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆக்ஸ்ஃபோர்டு, கேப் டவுன் முதலிய பல்கலைக்கழகங்களும் இணைந்து மேற்கொண்ட முயற்சியின் ஒரு பகுதியாகும்.

எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறையின் தாய்தந்தையரைக் கொண்டுபோனதாலும், பிழைப்புக்காகப் பெரியவர்கள் தொலைதூர நகரங்களுக்குச் செல்வது நெடுங்கால வழக்கமாகிவிட்டதாலும், அம்மாகாணத்தில் பிள்ளைகளை வளர்ப்பவர் பல வீடுகளில் பாட்டியாகவே இருக்கிறார். குழந்தைகளுக்கென அரசு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகையும் முதியோர் ஓய்வூதியமுமே அடுப்பெரிய வழி செய்யும் அத்தகைய வீட்டில், பதினைந்து வயதுப் பேரன் இரவில் நேரங்கழித்து வருவதைக் கண்டிக்கப் புகும் பாட்டியின் கோபத்தில் கந்துவட்டிக்காரரைப் பற்றிய அச்சமும் கலந்திருக்கக்கூடும் என்பதைத் திட்டத்தை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

உளவியல் பட்டம் பெற்றவர்களைத் தேடாமல், அந்தந்தப் பகுதி மக்களுக்கே பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டே பதினான்கு வாரங்கள் இத்திட்டம் நடத்தப்பட்டது. சில அமர்வுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் தனித்தனியாகவும், பிறவற்றில் ஒன்றாகவும் அமர்ந்து, சண்டை மூளும் தருணங்களை நடித்துப் பார்த்து, அடுத்த முறை என்ன சொல்லலாம் என்று கலந்து பேசினர். வர இயலாதவர்களின் வீடுகளுக்குப் பயிற்சியாளர்கள் நேரில் சென்றனர். இவற்றினும் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது, குடும்ப வரவுசெலவு பற்றிய பாடமாகும். மாத வருவாய் எவ்வளவு, எது தேவை, எது ஆசை என்பதைப் பாட்டியும் பேரனும் சேர்ந்து திட்டமிடும்போது, புதிய காலணி ஏன் இம்மாதம் வாங்க முடியாது என்பது பிள்ளைக்குக் கணக்கிலேயே விளங்கிவிடுகிறது. அதுவரை அதை மறுப்பாக மட்டுமே கேட்டுவந்த பிள்ளைக்கு இது சிறிய மாற்றமன்று.

திட்டத்தின் பயனை அறிய, 40 ஊர்ப்பகுதிகளைச் சேர்ந்த 552 குடும்பங்களைக் கொண்டு, எந்தப் பகுதிக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல்முறையில் தீர்மானிக்கும் ஆய்வொன்று நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2018இல் வெளியாயின. பயிற்சி முடிந்து 5 முதல் 9 மாதங்களுக்குப் பின், பயிற்சி பெற்ற பகுதிகளில் அடித்தலும் கொடுமைப்படுத்தலும் மற்றப் பகுதிகளைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவாக இருந்ததை வளர்ப்போரின் விடைகள் காட்டின. ஆயினும், பெரியவர்கள் சொன்ன அளவுக்குப் பிள்ளைகளின் விடைகளில் இம்மாற்றம் தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும், பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறையவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் பதிவு செய்தனர். அடிப்பவரிடமும் அடிபடுபவரிடமும் தனித்தனியே கேட்டு, இரு விடைகளையும் அருகருகே வைக்கும் இந்நேர்மை, பெற்றோர் பயிற்சி பற்றிய எல்லா ஆய்வுகளுக்கும் கட்டாயமாக்கத் தக்கது.

இருதரப்பு விடைகளும் ஒத்துப்போன இடங்களும் உண்டு. பெரியவர்கள் பிள்ளைகளின் அன்றாட வாழ்வில் கூடுதலாகப் பங்கெடுத்தனர், மேற்பார்வை சீரடைந்தது, குடும்பத்தின் பணநிலையும் அதைக் கையாளும் திறனும் மேம்பட்டன என்று இரு தலைமுறையினரும் தெரிவித்தனர். இவை தவிர, பிள்ளைகள் தங்கள் போதைப்பழக்கம் குறைந்ததாகக் கூறினர். வளர்ப்போரோ மனச்சோர்வு தணிந்ததாகவும், தமக்கென ஆதரவாகப் பேச ஆட்கள் இருப்பதாகவும் கூறினர். பிள்ளையைத் திருத்தும் உத்திகளின் தொகுப்பாகப் பெற்றோர் பயிற்சியைக் கருதுவோர் இக்கடைசிப் பயனைப் பக்கவிளைவாக ஒதுக்கிவிடக்கூடும். உண்மையில் திட்டத்தின் உயிர்நாடியே அதுதான். வீட்டிலும் பிள்ளையை அடிப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துவிட்ட நிலையில், அடிக்காமல் வளர்ப்பதற்குத் தேவையான பொறுமையைப் பெறும் வழி, களைத்துப்போன பாட்டிக்கு வேறெங்கே கிடைக்கும்?

இப்பாடங்கள் இப்போது கைப்பேசிச் செயலி வடிவிலும் குறுஞ்செய்தி வடிவிலும் மாற்றப்பட்டு, குறைந்த செலவில் மிகப் பலரைச் சென்றடையும் வாய்ப்பு உருவாகியிருப்பது வரவேற்கத் தக்கதே. எனினும் வாரந்தோறும் ஒரே கூடத்தில் அமர்ந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன்னைப் போலவே திணறுவதை அறிந்துகொண்ட ஒருவருக்குக் கிடைத்த தெம்பைக் கைப்பேசித் திரை எந்த அளவுக்குத் தர முடியும் என்பதையும் செலவுக் கணக்கோடு சேர்த்தே அளந்து பார்க்க வேண்டும்.