எல்லோருக்கும் இப்படிச் சிற்றப்பா உண்டா?

விஞ்ஞானம் படிக்கும் நம் பிள்ளைகள் கல்லூரியில் மூன்று வருஷம் என்ன செய்கின்றார்கள்? போன வருஷத்தார் செய்த சோதனையையே தாமும் செய்து, விடை முன்பே தெரிந்திருப்பதால் அதற்குத் தகுந்தபடி அளவைத் திருத்தி, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகின்றார்கள். பொருள் தெரியாமல் மந்திரம் ஒப்பிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

"பட்டம் வாங்காத பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்பார் சிலர். சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகரின் ஆராய்ச்சிக் கட்டுரையை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. இளம் வயது குறுக்கே நின்றதா?

ஆனால் அவருக்குக் கதவு திறந்தது எப்படி? 1928 கோடை விடுமுறையைக் கல்கத்தாவில் சி. வி. ராமனின் ஆராய்ச்சிச் சாலையில் கழிக்க அவருக்கு வாய்த்தது. ராமன் அவருடைய சிற்றப்பா! இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் அறிவு அவருடையதே. ஆனால் தறி நெய்பவர் மகனுக்கும், கூலிக்கு நாற்று நடுபவர் மகளுக்கும் ராமன் சிற்றப்பாவாக வாய்ப்பாரா? அறிவு எல்லா வீட்டிலும் பிறக்கின்றது. ஆராய்ச்சிச் சாலைச் சாவி சில வீடுகளில்தானே இருக்கின்றது!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மார்கரெட் மெக்விகர் என்னும் அம்மையார் முன்னின்று 1969-ல் ஒரு திட்டம் தொடங்கினார். பட்டப் படிப்பு மாணவர் எவரும் பேராசிரியரின் ஆராய்ச்சியில் சேரலாம். அதற்குப் பாட மதிப்போ சம்பளமோ பெறலாம். அங்கே சிற்றப்பாவின் வேலையைக் கழகமே செய்கின்றது. இதில் சம்பளமே முக்கியம். விடுமுறையில் கூலி வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய பிள்ளையிடம் "சும்மா வந்து ஆராய்ச்சி செய்" என்பது, "வராதே" என்பதற்குச் சமம்.

நம் நாட்டிலும் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து, பல ஆண்டுகளாகக் கோடைகால ஆராய்ச்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித் தொகையும் ரயில் கட்டணமும் கொடுத்து வந்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? கட்டடத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் செலவிடும் கல்லூரிகள், பத்து ஏழை மாணவரின் ஆராய்ச்சிக்குச் சம்பளம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

பெற்றோர்களே! கல்லூரியில் சேர்க்கும்போது விடுதி எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கின்றீர்கள். "என் பிள்ளை எந்த ஆராய்ச்சியில் கை வைக்கலாம்? அதற்கு என்ன கொடுப்பீர்கள்?" என்றும் வாய் திறந்து கேளுங்கள். கேளாதவர்களுக்கு இந்நாட்டில் எந்தக் கதவும் தானாகத் திறந்ததில்லை.