முகாம் பிள்ளையிடம் விசா கேட்கும் வங்கி



இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து, இங்கேயே பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், பாஸ்போர்ட்டும் விசாவும் கொண்டு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது நம் மாவட்டத்து வங்கிக் கிளை ஒன்று. உதவித்தொகை வரவு வைக்க ஒரு சேமிப்புக் கணக்கு, அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆதார் இருக்கிறது, முகாம் அடையாள அட்டை இருக்கிறது. அவள் தாய்க்கு அதே கிளையில் பல ஆண்டுகளாகப் பாஸ்புக்கும் இருக்கிறது. ஆனால் கவுண்டரில் கிடைத்த பதில், "ஃபாரினர்னா சிஸ்டம் எடுக்காதும்மா." குண்டுக்குப் பயந்து மன்னார்க் கரையில் இரவோடு இரவாகப் படகேறியவர்கள் விசா முத்திரை குத்திக்கொண்டா வந்திருப்பார்கள்? அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளை எதற்குள் நுழைய விசா வாங்கியிருக்க வேண்டும், அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குள்ளா?

சட்டம் தடுக்கிறது என்றால் பேசாமல் இருந்துவிடலாம். தடுக்கவில்லை என்பதுதான் எரிச்சல். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஒருவர் இங்கே வசிப்பவரா என்பதைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கு இருந்தாரா, எந்த நோக்கத்தோடு இருக்கிறார் என்றுதான் பார்க்கிறது. வேலைக்காகத் துபாய் போன எங்கள் ஊர்க் கச்சிராயபாளையத்துக்காரர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், தன் கணக்கை வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டியவர். எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் முகாமில் காலம் தள்ளுபவரோ அந்தச் சட்டத்தின் கண்ணில் இங்கே வசிப்பவர். வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதியில் ஆதார் ஏற்கத்தக்க ஆவணம். உரிய ஆவணம் இல்லாதவருக்கும் சிறு கணக்கு என்று ஒன்று உண்டு: இருப்பு 50,000 ரூபாய், ஆண்டு வரவு 1 லட்சம், மாதம் எடுப்பது 10,000 என்ற வரம்போடு. இதற்கெல்லாம் மேலே, 2015 ஜனவரி 9 வரை இங்கு தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து மத்திய உள்துறையே 2025 செப்டம்பரில் விலக்கு அளித்துவிட்டது. உள்துறை மன்னித்ததை வங்கிக் கவுண்டர் மன்னிக்க மறுக்கிறது! வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகக் கடிதத்தை முகவரிச் சான்றாகத் தரலாம் என்றும் விதியில் ஒரு வழி இருக்கிறது. எந்த அரசுக்கு அஞ்சி ஓடி வந்தார்களோ அந்த அரசிடமே போய்க் கடிதம் கேட்கச் சொல்லும் கருணையை என்னவென்று சொல்வது.

மறுப்பதற்குக் காரணம் பாதுகாப்பு என்பார்கள். கியூ பிரிவு போலீசும் வருவாய்த் துறையும் பெயர் பெயராகக் கணக்கெடுத்துக் கண்காணிக்கும் முகாம்வாசியைவிட அரசுக்கு நன்கு தெரிந்த வாடிக்கையாளர் அந்தக் கிளையில் வேறு யார்? கறுப்புப் பணம் வரும் என்றால், கணக்கில் வரும் பணத்துக்குத் தடம் இருக்கிறது, கையில் புழங்கும் பணத்துக்குத்தான் இல்லை. பெயிண்ட் அடிக்கப் போகும் முகாம் இளைஞனுக்குக் கணக்கில்லாவிட்டால் அவன் கூலி மேஸ்திரியின் ஜிபே எண்ணுக்குத்தான் போகும். மேஸ்திரி கொடுத்ததுதான் கூலி. ரிசர்வ் வங்கி அபராதம் போடும் என்ற பயம் கிளை மேலாளருக்கு இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரை ஏற்கும் கொள்கை, நலிந்தவர்களுக்கு வங்கிச் சேவையை மறுப்பதில் போய் முடியக் கூடாது என்று எழுதி வைத்திருப்பதும் அதே ரிசர்வ் வங்கிதான். காரணத்தைப் பதிவு செய்யாமல் கே.ஒய்.சி. விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் திருத்தமும் கொண்டு வந்தது. "என்றைக்காவது திரும்பிப் போய்விடுவார்கள்" என்பது 1983 முதல் சொல்லப்படும் வாதம். பதில் சொல்லத் தேவையில்லை.

பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினர் நீண்டகால விசாவில் இங்கிருந்தால் ஒரு என்.ஆர்.ஓ. கணக்கு தொடங்கலாம் என்று 2018-ல் தனி விதி போட ரிசர்வ் வங்கிக்கு நேரம் இருந்தது. இலங்கைத் தமிழர் நினைவுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு டெல்லி கொண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் வரவில்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை என்பதால், அந்தப் பெண் தான் கண்ணால் பார்த்தறியாத நாட்டின் பிரஜையாக நடத்தப்படுகிறாள். சென்னையும் சும்மா இல்லை: 2021-ல் அகதிகள் முகாம் என்ற பலகையை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பலகை மாறிய சேதி வங்கிக் கம்ப்யூட்டருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மாவட்ட ஆட்சியர் அடுத்த வங்கியாளர் கூட்டத்தில் முன்னோடி வங்கி மேலாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: முகாம்வாசியின் ஆதாரை ஏற்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது? அதுவரை, கணக்கு இல்லை என்று சொல்லும் மேலாளர் அதைக் காரணத்தோடு எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். முதலில் வங்கியிடம் புகார் செய்யவும், அங்கே தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகவும் அந்த ஒரு தாள் உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.