ஓடுகிற நிரலைத் தொடலாமா?
சொற்பொருண்மை ஆய்வுக்கென எழுதிய லாம்டா கால்குலஸ் மதிப்பீட்டு நிரலைச் சென்ற வாரம் பிரித்துச் சீரமைத்தேன். ‘ஓடுகிற நிரலை ஏன் தொடுகிறாய்?’ என்றனர் நண்பர்கள். ஓடியது உண்மை, பொருளைத் திரித்துக்கொண்டு ஓடியது. ‘அ-வை ஆ விரும்புகிறார்’ என்னும் சார்பில், அ-வின் இடத்தில் வெளியிலிருந்து இன்னோர் ஆ-வை இட்டால், உள்ளிருக்கும் லாம்டா அதைக் கவர்ந்துகொள்ளும். ‘தன்னையே விரும்புகிறார்’ என்றாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வாராது.

இடந்தோறும் புதுப்பெயர் சூட்டி ஒட்டுப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டி பிரெய்ன் 1972இல் காட்டியவாறு, கட்டுண்ட மாறிகளின் பெயரையே நீக்கி, உள்ளிருந்து எண்ணினால் எத்தனையாவது லாம்டா என்னும் எண்ணை வைப்பதே முறை. எண்களை நகர்த்தும் கணக்கில் தடுமாற நேரும் (நான் இருமுறை தடுமாறினேன்). ஆயினும் அத்தடுமாற்றம் ஒரே செயற்கூற்றில் அடங்கும், சோதித்துவிடலாம். அச்சிடும்போது மட்டும் பெயர்கள் திரும்பட்டும்.

இதனை ‘ஆய்வல்லாத வேலை’ என்று ஒதுக்குவோர், அந்நிரல் ஈன்ற முடிவுகளை ஆய்வேட்டில் எந்தத் துணிவில் சேர்க்கிறார்கள்?