எந்தப் பட்டனும் உதவாத இடம்

"வீடியோ கேம்ல செத்தவன் மறுநொடியே எந்திரிச்சு ஓடுறான். அதுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார் கழுகுமலைப் பெரியவர் ஒருவர்.

பெரும்பாலான கேம்களைப் பொறுத்தவரை அய்யா சொல்வது சரி. பிணத்தை எண்ணிப் புள்ளி போடுகிறவை அவை. ஆனால் 2016இல் வந்த 'தட் டிராகன், கேன்சர்' வேறு ரகம். ரயன், ஏமி கிரீன் என்ற அமெரிக்கத் தம்பதி, புற்றுநோயோடு போராடிய மகன் ஜோயல் உயிரோடிருந்தபோதே தொடங்கியது. 2014இல், ஐந்து வயதில் அவன் போய்விட்டான். ஒரு காட்சியில் ஆஸ்பத்திரி அறையில் பிள்ளை விடாமல் அழுகிறான். என்ன செய்தாலும் அடங்குவதில்லை. எந்தப் பட்டனும் உதவாது. நாவலென்றால் அந்தத் தகப்பனுக்காகப் பரிதாபப்படுவோம். இங்கே கையாலாகாமல் நிற்பது நாம்.

விளையாட்டு துக்கத்தைக் கொச்சைப்படுத்தும் என்பதும் அய்யாவின் குறை. நம் பக்கத்துத் துஷ்டி வீடுகளில் ராத்திரி முழுக்கச் சீட்டாடித்தானே பிணத்துக்குக் காவல் இருக்கிறார்கள்? தெருவில் மேளத்துக்கு ஆட்டம் வேறு. அதை அவமரியாதை என்று சொல்லி அய்யா யாரையும் எழுப்பிவிட்டதாகத் தெரியவில்லை.

நம்மூர் கழுகுமலையில் சமணத் திருமேனிகளின் கீழே, செய்வித்தவர் பேரை வட்டெழுத்தில் வெட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. பேர் நிலைக்க அன்றைக்குக் கையில் இருந்தது உளி. ரயனுக்குத் தெரிந்த தொழில் கேம் செய்வது. மகனுக்காக அவர் வேறு எதைச் செய்திருக்க வேண்டும் என்கிறார் அய்யா?